மணப்பெண்ணுக்கு ஏன் வசனமே இல்லை?

படிவம் 5-இல் படித்தபோது எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் கலைநிகழ்ச்சிக்காக ஒரு நகைச்சுவை நாடகம் போட்டோம். எழுதியது எங்கள் வகுப்பு மாணவன். கதை மிக எளிது. வகுப்பிலேயே அழகான பையன்தான் மாப்பிள்ளை. வீட்டார் அவனுக்குப் பெண் பார்த்து முடித்துவிடுகிறார்கள். மணமேடையில் பெண்ணின் முக்காடு விலகியதும் அவன் அலறிக்கொண்டு மேடையைவிட்டு ஓட வேண்டும். மண்டபம் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மணப்பெண் நான்தான்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "நீ செஞ்சாதான் நல்லா இருக்கும்" என்றார்கள். அதை ஒரு பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். என் நிறம் போதாது என்று கன்னத்தில் கரி பூசினார்கள். முன்பற்கள் இரண்டில் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். முக்காடு விலகியது, அவன் ஓடினான், மண்டபம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன்.

யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளியை அன்றிரவு வீட்டில் காட்டினேன். தம்பி உருண்டு உருண்டு சிரித்தான். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, மாப்பிள்ளைக்குப் பத்து வசனம் இருக்கு. ஐயருக்குக்கூட நாலு வசனம் இருக்கு. ஒனக்கு ஒன்னுமே இல்லையே?"

அதுவரை நான் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. எந்தக் காதல் நகைச்சுவைப் படம் பார்த்தாலும், அதில் 'அழகில்லாதவர்' என்று காட்டப்படுபவருக்கு எத்தனை வசனம் இருக்கிறது என்று காது தானாகவே எண்ணத் தொடங்கிவிடுகிறது. படத்தை நிம்மதியாகப் பார்க்க விடாத பழக்கம் இது. அதற்கு முழுப் பொறுப்பு அம்மாதான்.

லெம்பா பெர்த்தாமில் ஒரு ஜோடி

கேமரன் மலைக்குச் சுற்றுலா வருபவர்கள் தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் போய்விடுவார்கள். ரிங்லெட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் எங்கள் லெம்பா பெர்த்தாம். பள்ளத்தாக்கு முழுக்கப் பிளாஸ்டிக் கூரைகள். உள்ளே காய்கறி, செவ்வந்தி. பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அம்மா பிறந்ததும் தோட்டத்து லயத்தில்தான். திருமணத்திற்குப் பிறகு இங்கே வந்து, பூத்தோட்டத்தில் செவ்வந்தியைத் தரம் பிரித்துக் கட்டுக் கட்டும் வேலையில் இருக்கிறார். அப்பா லோரி ஓட்டுநர். சாயங்காலம் காய்கறி ஏற்றிக்கொண்டு மலை இறங்கினால் செலாயாங் மொத்தச் சந்தை போய்ச் சேர இரவாகிவிடும்.

அப்பா நல்ல உயரம், சிவந்த நிறம், சுருள் முடி. அந்தக் காலத்தில் அவரைப் பார்க்கவே பெண்கள் கோயில் திருவிழாவுக்கு வருவார்கள் என்று அத்தை இன்றும் சொல்லுவார். அம்மா குள்ளம், கறுப்பு, மேல்வரிசைப் பல் சற்று எடுப்பு. நான் அம்மா ஜாடை. திருமணப் படத்தில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே உயரமாகத் தெரிவார்கள். படம்பிடிப்பவர் அம்மாவை ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்தி, சேலையை இழுத்து அதை மறைத்துவிட்டாராம்.

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியம்மா அம்மாவிடம் கேட்டுவிடுவார்: "எப்படித்தான் இவர விழவெச்சியோ?" அம்மாவிடம் தயாராக ஒரு பதில் உண்டு. "மலை ரோடு இல்லையா, பனி வேற. அவரே வழுக்கிட்டாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். சின்ன வயதில் எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தக் கேள்வியை அப்பாவிடம் ஏன் யாரும் கேட்பதில்லை என்று பிறகு யோசித்தேன்.

சர்வர் முதல் சாரதி வரை

பொருந்தாத ஜோடி என்பது நகைச்சுவைக்குப் பழைய சரக்கு. பிரெஞ்சு நாடகாசிரியர் எட்மோன் ரோஸ்டாண்ட் 1897-இல் மேடையேற்றிய 'சிரானோ டி பெர்ஜெராக்' நாடகத்தின் நாயகனுக்கு மூக்கு மிகப் பெரியது. தான் விரும்பும் பெண்ணுக்கு நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு, அழகான இன்னொருவனுக்காகக் காதல் கடிதம் எழுதிக் கொடுப்பான். கே.பாலசந்தரின் 'டூயட்' (1994) படம் அதன் சாயலில் வந்ததுதான். பருமனான அண்ணன் பிரபு, அழகான தம்பி ரமேஷ் அரவிந்த், அண்ணனின் கலையைத் தம்பியுடையது என்று நம்பிவிடும் பக்கத்து வீட்டுப் பெண் மீனாட்சி சேஷாத்திரி. கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் வாசிப்புக்காகவே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் உண்டு.

அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'சர்வர் சுந்தரம்' (1964) வந்துவிட்டது. முகத்தில் அம்மைத் தழும்புகள் கொண்ட, ஒல்லியான நாகேஷ் அதன் நாயகன். உணவகத்தில் பரிமாறும் சுந்தரம் பெரிய நடிகனாகிவிடுகிறான். பணம் வருகிறது, புகழ் வருகிறது. ராதாவின் காதல் மட்டும் வருவதில்லை. கே.ஆர்.விஜயா நடித்த ராதா விரும்புவது சுந்தரத்தின் நண்பன் ராகவனை. நாகேஷ் அதில் நம்மைச் சிரிக்கவும் வைக்கிறார், அழவும் வைக்கிறார். அழகில்லாத ஆணுக்கு ஒரு முழுப் படம், ஒரு பெயர், ஒரு தாய், ஒரு கனவு என்று எல்லாமே கிடைத்திருக்கிறது. காதலி கிடைக்காவிட்டாலும் வசனம் கிடைத்துவிட்டது.

இந்த வகையில் நான் பார்த்த படங்களிலேயே மிகச் சிறந்தது தமிழ்ப் படம் அல்ல. 1989-இல் மலையாளத்தில் வந்த 'வடக்குநோக்கியந்திரம்'. சீனிவாசன் எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்தார். அந்த ஆண்டு கேரள மாநில அரசின் சிறந்த படத்துக்கான விருது அதற்குக் கிடைத்தது. தலைப்புக்குத் திசைகாட்டும் கருவி என்று பொருள். முள்ளை எப்படித் திருப்பினாலும் அது வடக்கையே காட்டுவதுபோல, நாயகன் தினேசனின் மனம் எப்போதும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: "நான் கறுப்பு, நான் குள்ளம்."

அவனுக்கு உயரமான, அழகான ஷோபாவுடன் திருமணம் நடக்கிறது. முதலிரவில் மனைவியைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒரு நகைச்சுவைத் துணுக்கை மனப்பாடம் செய்துகொண்டு போய், அதைச் சொல்லிச் சொதப்புகிறான். அந்தக் காட்சியில் நான் சிரித்ததில் பக்கத்து அறைத் தோழி எழுந்து வந்துவிட்டாள். ஆனால் படம் போகப் போகச் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. யாரோ அவளைப் பார்த்தான், அவள் யாரையோ பார்த்தாள் என்று தினேசனின் சந்தேகம் வளர்ந்துகொண்டே போய், கடைசியில் அவனை மனநல மருத்துவமனை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஷோபா அவனை ஒருமுறைகூட அழகில்லாதவன் என்று நினைக்கவில்லை. அவனைப் பிடித்துத்தான் அவள் வாழ்கிறாள். பொருத்தமில்லை என்ற எண்ணம் முழுக்க அவன் தலைக்குள்தான். அழகான மனைவி கிடைத்தது அவனுக்குப் பரிசாக இல்லை. தன்னை இனி ஊரே அளந்து பார்க்கும் என்ற பயமாகத்தான் இருக்கிறது.

இந்தப் படம் 2008-இல் 'திண்டுக்கல் சாரதி' என்று தமிழுக்கு வந்தது. கருணாஸ் நாயகன், கார்த்திகா நாயகி. கருணாஸ் நன்றாகவே நடித்திருந்தார். ஆனாலும் இரண்டையும் பார்க்க முடிந்தால் மலையாளத்தை முதலில் பாருங்கள்.

கதாநாயகி எங்கிருந்து வந்தார்?

நாகேஷ், கருணாஸ், வடிவேலு, சந்தானம், யோகி பாபு. நகைச்சுவை நடிகர்களாக வந்து பிறகு கதாநாயகர்களான ஆண்களின் பட்டியல் இது. இதேபோல ஒரு பெண்கள் பட்டியல் எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடும்.

ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்த மனோரமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி' 1963-இல் வந்தது. அதன்பிறகு அவர் பெரும்பாலும் நாகேஷுக்கோ சோவுக்கோ தேங்காய் சீனிவாசனுக்கோ ஜோடி, அல்லது யாருக்காவது தாய். அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. தமிழில் அவரைவிடப் பெரிய நடிகை யார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் நாகேஷுக்கு ஒரு 'சர்வர் சுந்தரம்' எழுதியவர்கள் மனோரமாவுக்கு ஒரு 'சர்வர் சுந்தரி' எழுதவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1970களின் பிற்பகுதியில் ரஜினிகாந்த் வந்தார், அடுத்து விஜயகாந்த் வந்தார். கறுப்பு நிறம் கதாநாயகனுக்குத் தடை இல்லை என்று ஆனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞன் தன்னைப் போலவே ஒருவனைத் திரையில் கண்டு விசிலடித்தான். நல்லதுதான். அதே காலத்தை ஒட்டி 1990களிலிருந்து நம் திரையை ஆண்ட நாயகிகள் குஷ்பு, நக்மா, சிம்ரன், ஜோதிகா. நால்வரும் மும்பையிலிருந்து வந்தவர்கள். நாயகன் நம் தெருவில் இருப்பவன் போல இருக்கலாம், நாயகி மட்டும் நம் தெருவில் இல்லாதவள்போல இருக்க வேண்டும்! அப்படிப் பார்த்தால் நாம் பார்த்து வளர்ந்த வணிகப் படங்களில் பாதி, சொல்லாமலே 'பொருந்தாத ஜோடி'ப் படங்கள்தான். அவற்றைப் பார்த்து எந்தப் பெரியம்மாவும் "எப்படி விழவெச்சே?" என்று நாயகனைக் கேட்டதில்லை.

'காக்கா முட்டை' (2015) படத்தில் இரண்டு சிறுவர்களுக்குத் தாயாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷ், நிறத்தைக் காரணம் காட்டித் தன்னைத் தொடக்கத்தில் ஒதுக்கியதைப் பொதுமேடையில் சொல்லியிருக்கிறார். அவர் நன்றாகத் தமிழ் பேசும் சென்னைப் பெண்.

கண்ணீரில் நனைந்த கறுப்பு

அழகில்லாத பெண்ணை நடுவில் வைத்துத் தமிழில் படமே இல்லையா என்றால், இருக்கிறது. ஏவி.எம். தயாரித்து, ஏ.சி.திருலோகசந்தர் இயக்கிய 'நானும் ஒரு பெண்' (1963). ஜமீன் குடும்பத்தில் மருமகளாகப் போகும் கறுப்பு நிறப் பெண்ணின் கதை. விஜயகுமாரி கறுப்பு ஒப்பனை பூசி நடித்தார். பாட்டிக்கு அந்தப் படம் உயிர். வானொலியில் அதன் பாடல் வந்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுவார். அந்தப் படத்தில் அவள் பேசுகிறாள்தான். ஆனால் அவள் பேச்சு பெரும்பாலும் பொறுமை, கண்ணீர், கடவுளிடம் முறையீடு. சுந்தரத்துக்கு நகைச்சுவை, கல்யாணிக்கு அழுகை. நிறம் ஒன்றுதான், நாற்காலி வேறு.

அதற்கும் 32 ஆண்டுகள் கழித்துத்தான் சிரிக்க வைக்கும் ஒரு படம் வந்தது. 'சதிலீலாவதி' (1995). 1936-இல் எம்.ஜி.ஆர். அறிமுகமான படத்துக்கும் இதே பெயர்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'மூன்றாம் பிறை' எடுத்த பாலு மகேந்திரா இயக்கிய முழுநீள நகைச்சுவை என்பதே எனக்கு ஆச்சரியம். கமல்ஹாசன் தயாரித்தார்.

பருமனான லீலாவதியாக நடித்தவர் கல்பனா. கணவன் அருணாக மறுபடியும் ரமேஷ் அரவிந்த். 1994-இல் அழகான தம்பி, 1995-இல் அழகான கணவன், பாவம் அவருக்கு வேறு வேலையே கிடைக்கவில்லை போலும். மனைவியின் உடம்பை நினைத்து வெட்கப்படும் அருண், ஹீரா நடித்த பிரியாவிடம் போகிறான். லீலாவதி அவனை மீட்கப் போராடுகிறாள். கல்பனா கோபப்படுகிறார், குழறுகிறார், கத்துகிறார், நம்மைச் சிரிக்க வைக்கிறார். ஆக, லீலாவதிக்கு நிறைய வசனம் உண்டு. ஆனாலும் முடிவில் அருண் திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. அவனிடம் அவள் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் படத்தில் என்னைக் கட்டிப்போட்டது வேறொரு ஜோடி. டாக்டர் சக்திவேல் கவுண்டரும் அவர் மனைவி பழனியும். கமல்ஹாசனும் கோவை சரளாவும். யோசித்துப் பாருங்கள், அன்றைய தமிழ்த் திரையின் மிகப் பெரிய காதல் நாயகனுக்கு மனைவி, நகைச்சுவை நடிகை கோவை சரளா. இருவரும் கொங்குத் தமிழில் சண்டை போடுகிறார்கள், சந்தேகப்படுகிறார்கள், சமாதானமாகிறார்கள். இவருக்கு இவளா என்ற கேள்வி அந்தக் கதையின் பிரச்சினையே இல்லை. அவர்கள் கணவன் மனைவி, அவ்வளவுதான். சண்டையில் இருவருக்கும் சம பங்கு வசனம். அம்மாவுடன் சேர்ந்து பார்த்தேன். அந்தக் காட்சிகளில் அம்மா சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

கன்னத்தில் ஓர் அறை

இந்தியில் 2015-இல் வந்த 'தம் லகா கே ஹைஷா' இந்த வரிசையில் இன்னும் ஒரு படி மேலே போனது. சரத் கட்டாரியா இயக்கம். 1990களின் ஹரித்வார். கேசட் கடை நடத்தும் பிரேமாக ஆயுஷ்மான் குரானா, பருமனான சந்தியாவாகப் புதுமுகம் பூமி பெட்னேகர். அதற்கு முன் பூமி அதே தயாரிப்பு நிறுவனத்தில் நடிகர் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். இந்த வேடத்துக்காக எடை கூட்டினார்.

பிரேமுக்குச் சந்தியாவுடன் தெருவில் நடக்கவே வெட்கம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சந்தியா பட்டம் பெற்று, ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள். பிரேம் பத்தாம் வகுப்பையே தாண்டாதவன். யாருக்கு யார் பொருத்தமில்லை? இந்தக் கேள்வியைப் படம் வாய்விட்டுக் கேட்பதில்லை. நம்மையே கேட்க வைக்கிறது. நண்பர்கள் முன்னால் குடித்துவிட்டு அவன் மனைவியைக் கேவலமாகப் பேசும்போது, சந்தியா அழுதுகொண்டு ஓடவில்லை. எல்லோர் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைகிறாள். அடுத்து வீட்டைவிட்டுக் கிளம்பி மணமுறிவு கேட்டு வழக்குப் போடுகிறாள். இருவரும் ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்து பார்க்கட்டும் என்கிறது நீதிமன்றம். உண்மையான காதல் கதை அங்கேதான் தொடங்குகிறது. மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடும் போட்டி ஒன்று கடைசியில் வரும். பார்க்காதவர்களுக்காக மேலே சொல்லாமல் விடுகிறேன். சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருதை இப்படம் பெற்றது.

அதே ஆண்டு அனுஷ்கா எடை கூட்டி நடித்த 'இஞ்சி இடுப்பழகி'யும் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் மெலிய வைக்கும் நிலையத்தின் மோசடிக்குள் கதை நுழைந்ததும் காதல் காணாமல் போய்விட்டது.

ஆண்களுக்கு வலி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 'காதல் கொண்டேன்' (2003) படப்பிடிப்பில் தன் தோற்றத்தைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் சிரித்ததைத் தனுஷ் பிற்காலத்தில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 'கோலமாவு கோகிலா'வில் (2018) நயன்தாராவைச் சுற்றிவரும் யோகி பாபுவின் காதல் நமக்கு வெறும் வேடிக்கை. 'கல்யாண வயசு' பாடலை நானும் நூறு முறை கேட்டிருப்பேன். ஆனால் 'லவ் டுடே' (2022) படத்தில் அதே யோகி பாபு தன் கைப்பேசியைக் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடம் காட்ட மறுக்கிறார். படம் முழுக்க நாமும் அவரைச் சந்தேகப்படுகிறோம். கடைசியில் தெரிகிறது: தன் உருவத்தையும் அந்த ஜோடிப் பொருத்தத்தையும் மற்றவர்கள் கேலி செய்ததை அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவர் ஒளித்திருக்கிறார். அந்தக் காட்சி முடிந்ததும் என் வகுப்புப் பையன்கள் சிலரின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் புலனக் குழுக்களில் தினமும் நடப்பதுதானே அது. அந்த நாடகத்தை எழுதிய வகுப்புத் தோழனையும் எல்லோரும் 'பூசணி' என்றுதான் அழைத்தோம். நானும் அழைத்திருக்கிறேன்.

பெண் பார்க்க வந்த நாள்

இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது பூக்கட்டும் கொட்டகையில் அம்மாவுக்கு உதவினேன். அங்கே கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அப்போதுதான் கேட்டேன், அப்பா பெண் பார்க்க வந்தபோது என்ன நடந்தது என்று. அதுவரை நான் கேட்டதே இல்லை.

லயத்து வீட்டில் அன்று பாட்டி சொல்லி வைத்தாராம்: "மாப்பிள்ளை சினிமாக்காரன் கணக்கா இருக்காரு. நீ தலைய குனிஞ்சிக்கிட்டே தேத்தண்ணிய குடுத்துட்டு உள்ள வந்துடு. வாயத் தொறக்காதே." அம்மா தட்டோடு வந்தார். அப்பாவின் பக்கத்திலிருந்து யாரோ, காதில் விழும்படியே, "கலரு கொஞ்சம் கம்மி" என்றார்கள். அம்மாவுக்குக் காது சுட்டது. உள்ளே போகவில்லை. நின்று, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"கோலாலம்பூர் போய்ட்டு வர ஒரு நடைக்கு எவ்ளோ குடுக்கிறாங்க?"

அப்பா ஒரு தொகையைச் சொன்னார்.

"எண்ணெ யாரு போடுறது?"

"மொதலாளி."

"டயர் வெடிச்சா?"

அப்பா பேசவில்லை. டயர் அவர் கணக்கில்தான்.

"அப்ப ஒங்க கையில நிக்கிறது அவ்ளோ இல்லையே."

வீடு அப்படியே உறைந்துவிட்டது. பாட்டி கண்ணாலேயே எரித்தார். அப்பா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

பதில் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அம்மா தூங்கவில்லையாம். "என் மூஞ்சியப் பாத்துத்தான் சிரிச்சாருன்னு நெனச்சேன்" என்றார், செவ்வந்தித் தண்டின் அடி இலைகளை உருவிக்கொண்டே. எப்போதும் தமாஷாகப் பேசும் அம்மா இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. கல்யாணமாகி முதல் வருடம் முழுக்க, யாராவது சிரித்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். தினேசனைப் போலவே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

இரவு அப்பா லோரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவரிடமும் கேட்டேன். எதற்குச் சிரித்தீர்கள்?

"எல்லாரும் என்ன அழகு அழகுன்னுதான் சொல்வாங்க. என் அம்மாகூட என் கணக்க கேட்டதில்ல. அந்த மாசம் ரெண்டு டயர் வெடிச்சிருந்துச்சி, கையில காசே இல்ல. உங்கம்மா பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டாங்க. மாட்டிக்கிட்டோமேன்னு சிரிச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "இத அவங்ககிட்ட சொன்னதில்லையா நானு?"

சொன்னதில்லை. இத்தனை வருடத்தில். மறுநாள் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் காலையில் அம்மா வழக்கத்துக்கு மாறாக அப்பாவுக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தார். வேறொன்றும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

விடுமுறை முடிவதற்குள் என் பழைய பள்ளியிலிருந்து படிவம் 4 மாணவி ஒருத்தி நாடகப் பிரதி ஒன்றைப் புலனத்தில் அனுப்பி, "அக்கா, கொஞ்சம் திருத்திக் கொடுங்க" என்றாள். தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காம். திறந்து பார்த்தேன். அழகான மாப்பிள்ளை. முக்காடு. மாப்பிள்ளை அலறி ஓடுகிறான். ஐந்து ஆண்டுகளில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

அவளிடம் எதுவும் விளக்கவில்லை. முக்காடு விலகும் இடத்துக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் சேர்த்து எழுதி அனுப்பினேன். ஒரு நடைக்கு எவ்வளவு, எண்ணெய் யார் போடுவது, டயர் வெடித்தால் என்ன கணக்கு. அம்மாவின் அனுமதியோடுதான். "கடைசியில சீட்டு, கடன் எல்லாம் கேக்கச் சொல்லு, நான் கேக்க மறந்துட்டேன்" என்று இரண்டு கேள்வியும் கூடுதலாகக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும் முன் ஒத்திகை பார்க்கப் போனேன். மணப்பெண் வேடத்தில் அந்த மாணவியே நின்றாள். கரி பூச்சு எதுவும் இல்லை. முதல் இரண்டு கேள்விக்கு அறையில் இருந்தவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். டயர் வந்ததும் ஒருவன் சிரித்தான். சீட்டு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையாக நடித்த பையன் குழம்பிப்போய் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அப்ப நான் எப்ப ஓடுறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மணப்பெண் முந்திக்கொண்டாள்.

"இன்னும் கேட்டு முடிக்கல. உக்காருங்க."